கல்லடிக் கடற்கரையில் ஓடி வந்த கணைக்கால் நோவு

மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையில் ஓடத் தொடங்கியதிலிருந்து கணைக்கால் நோகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கிழமைக்கு ஓட்டத்தை நிறுத்துங்கள். நோவோடு ஓடினால் பழகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள், பழகாது, நோவு இன்னும் கூடத்தான் செய்யும். நடக்கவோ சைக்கிள் மிதிக்கவோ நோகாவிட்டால் அதைச் செய்யலாம்.

தொடங்கி மூன்றாம் கிழமையிலேயே தினமும் 5 கிலோமீற்றர், அதுவும் கல்லடிக் கடற்கரையில் என்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அதுதான். மூச்சு சீக்கிரம் பழகிவிடும், எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும். அலையோர ஈரமணல் கடல் பக்கம் சரிந்திருப்பதால் ஒரே திசையில் ஓடும்போது ஒரு கால் மற்றதைவிடத் தாழ்வாகவே விழும். மேலே காய்ந்த மணலில் ஓடினாலோ கால் புதைந்து கெண்டைச்சதை இழுபடும். சப்பாத்து மாற்றுவதைப் பிறகு யோசிக்கலாம்.

ஒன்று செய்து பாருங்கள். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கிப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். மூன்று நாலு விரல் அகலத்துக்கு மேல் பரவலாக நொந்தால், புதிதாக ஓடுபவர்களுக்கு வரும் வழக்கமான நோவுதான். ஒரே புள்ளியில் சுரீரென்றாலோ, படுத்திருக்கும்போதும் நொந்தாலோ எலும்பில் மெல்லிய வெடிப்பு இருக்கலாம், டொக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் அது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். எக்ஸ்ரே சரியென்றதும் ஓடக் கிளம்பிவிடாதீர்கள்.

மறுபடி தொடங்கும்போது மட்டக்களப்பு வெபர் மைதானம் மாதிரி சமதரையில், ஒருநாள் விட்டு ஒருநாள், பாதி நடை பாதி ஓட்டம்.