அழகர் கோபித்துக்கொண்டாரா? மதுரைச் சாமிகள் பற்றிக் கேள்வி பதில்

சித்திரைத் திருவிழா நெருங்கவும் கேள்விகள் சேர்ந்துவிட்டன. புராணம் சொல்வதையும் சனம் நம்புவதையும் முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள்தான் எனக்குப் பிடித்தவை.

கூடல்நகருக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு சகோதரி: எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் சாமியைத்தான் முதலில் கும்பிடுவோம். இங்கே அம்மனிடம் முதலில் போகச் சொல்கிறார்களே?

இங்கே மீனாட்சி ஊருக்கு அரசியம்மா. பிள்ளையில்லாத மலையத்துவச பாண்டியன் செய்த வேள்வித் தீயில் மூன்று வயதுக் குழந்தையாகத் தோன்றி, பட்டம் சூடி, திக்விஜயம் போனவள். சொக்கநாதர் இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. சித்திரையில் எட்டாம் நாள் அம்மனுக்கு வேப்பம்பூ மாலை சாத்தி, கிரீடம் வைத்து, செங்கோல் கொடுப்பார்கள். அதிலிருந்து நான்கு மாதம் அம்மன் ஆட்சி, ஆவணியிலிருந்து எட்டு மாதம் சாமி ஆட்சி. கணக்கில் சாமிக்குத்தான் அதிகம். ஆனாலும் பிள்ளைக்கு வரன் அமைந்தாலும் சரி, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலும் சரி, சனம் முதலில் போய்ச் சொல்வது அம்மனிடம்தான். திருக்கல்யாணத்தன்று பாருங்கள், கோயிலுக்கு வந்த பெண்கள் அங்கேயே தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். மொய் எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குத் தாமதமாக வந்ததால் அழகர்கோயில் பெருமாளான அழகர் கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பினார் என்று ஆச்சி சொல்லும். உண்மையா ஐயா?

ஆச்சி சொன்னது சனத்தின் கதை தம்பி. கோயில் சொல்லும் கதை வேறு. துர்வாசர் சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு விமோசனம் கொடுக்கத்தான் அழகர் வைகைக்கு வருகிறார். முன்பு உங்கள் பக்கத்துத் தேனூரில்தான் அவர் ஆற்றில் இறங்கினார். திருமலை நாயக்கர் காலத்தில், மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்து இரண்டு விழாவையும் சேர்த்தார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. வண்டியூர்ப் பக்கம் முனிவருக்குச் சாபம் தீர்க்கும் மண்டபத்துக்கு இன்றைக்கும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர்.

கல்யாணத்தில் அம்மனைத் தாரைவார்த்துக் கொடுக்கத் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்துவிடுகிறார். அழகருக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் சனம் அவரை அண்ணனாக்கி, தாமதமாக வரவைத்து, கோபப்படவும் வைத்துவிட்டது. மலைக்கோயில் பெருமாளை உறவுக்காரராக்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது என்பேன். கள்ளர் வேடத்தில் மலையிறங்குகிறவரை மதுரைக்காரர்கள் எதிர்சேவையில் போய் அழைத்து வருகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையோடு தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கும்போது, தோல்பையில் தண்ணீரை நிரப்பி அவர்மேல் பீய்ச்சுகிறார்கள். உடுத்தியிருப்பது பச்சைப் பட்டென்றால் அந்த வருசம் வெள்ளாமை செழிக்கும் என்று சம்சாரிகளுக்கு நம்பிக்கை.

மேலூரிலிருந்து ஓர் அண்ணன்: அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு உள்ளே சிலை உண்டா?

உருவம் கிடையாது அண்ணே. படியும் சாத்திய கதவும்தான் சாமி. சந்தனம் பூசி, மாலை சாத்தி, கதவைத்தான் கும்பிடுகிறோம். மலையாளத்திலிருந்து அழகரின் சக்தியைக் கவர வந்த மந்திரவாதிகள் பதினெட்டுப் பேர் படிக்குக் கீழே புதைக்கப்பட்டார்கள், அவர்களோடு வந்த தெய்வம் அழகரின் அழகில் மயங்கிக் காவலுக்கு நின்றுவிட்டது என்பது கதை. திருட வந்த கூட்டத்தோடு வந்தவரிடமே காவலைக் கொடுத்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அழகர் மதுரைக்குப் புறப்படும் முன் அவர் நகைப் பட்டியலைக் கருப்பன் முன்னால் வாசிக்கிறார்கள். திரும்பி வந்ததும் அங்கேயே சரிபார்க்கிறார்கள். களவு, கொடுக்கல் வாங்கல், பங்காளித் தகராறு எதுவானாலும் "பதினெட்டாம்படியில் வந்து சத்தியம் பண்ணு" என்றால் பாதிப் பேர் படிக்கு வரும் முன்னாலேயே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அண்ணாநகரிலிருந்து ஓர் அம்மா: வியாழக்கிழமை தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்துகிறேன். சரிதானா?

கடலையும் மஞ்சள் துணியும் நவக்கிரகத்தில் இருக்கும் குருவுக்கு, அதாவது வியாழ பகவானுக்கு உரியவை. தட்சிணாமூர்த்தி கல்லால மரத்தடியில் பேசாமலே பாடம் சொல்லும் சிவன். அவரிடம் ஞானம் கேட்கலாம். குருப் பெயர்ச்சிப் பலனை வியாழ பகவானிடம் கேளுங்கள்.

ஒரு வாசகர்: மேலமடை பாண்டி முனீஸ்வரர் தியானத்தில் இருப்பவர். அவருக்கு ஏன் கிடாய்?

அவருக்கு இல்லை. கிடாய் அதே கோயிலில் இருக்கும் சமயக் கருப்புக்கு. முனிக்குச் சைவப் படையல்தான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி: அப்பா இறந்துவிட்டார். எங்கள் குலதெய்வம் எதுவென்று தெரியவில்லை. மீனாட்சியைக் கும்பிட்டால் போதாதா?

தாராளமாகக் கும்பிடுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் மீனாட்சி ஊருக்கே தாய். குலதெய்வம் உங்கள் பங்காளிகளோடு சேர்ந்து கும்பிடும் சாமி. காதுகுத்தும் முதல் மொட்டையும் அங்கேதான். ஜோசியரிடம் போகும் முன், அப்பாவோடு பிறந்த அத்தை யாராவது இருந்தால் கேளுங்கள். கட்டிக்கொடுத்து வேறு வீட்டுக்குப் போயிருந்தாலும், சின்ன வயதில் மாட்டு வண்டியில் போன கோயிலை அத்தைமார் மறக்கமாட்டார்கள். முன்னோர் ஊரைவிட்டுப் போகும்போது கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புது ஊரில் வைத்துக் கும்பிட்டிருக்கலாம். அதனால் இரண்டு ஊரிலும் விசாரியுங்கள். மாசி சிவராத்திரி ராத்திரி பங்காளிகள் எல்லாரும் அங்கே கூடுவார்கள். அதற்குள் தெரிந்துவிட்டால் அன்றைக்கே போய்விடலாம்.