சிறிய வாடகை அறையில் இளைஞர்களே ஓவியக் கண்காட்சி அமைப்பது எப்படி?

மயிலாப்பூரில் 10-க்கு 20 அடி அறை, ஐந்து நண்பர்கள், படங்களை நீங்களே தேர்ந்து மாட்டப் போகிறீர்கள். எதில் கவனம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் எண்ணிக்கை. நாலு சுவரும் சேர்ந்து 60 அடி. கதவு, ஜன்னல் போக 45 மிஞ்சலாம். 2 அடி அகலப் படங்கள், நடுவே ஓரடி இடைவெளி என்றால் 15 படம்தான். ஆளுக்கு மூன்று என்று பங்கு பிரிக்காதீர்கள், காட்சி சிதறிவிடும். தேர்வை ஒருவர் அல்லது இருவரிடம் விடுங்கள். அவர்கள் படங்களைச் சுவரோரம் தரையில் சாய்த்து ஒருநாள் மாற்றி மாற்றிப் பார்க்கட்டும்.

பழைய வீடென்றால் சுண்ணாம்புப் பூச்சாக இருக்கும். ஆணி அடித்தால் உதிரும். டிரில் போட்டு, துளையில் பிளாஸ்டிக் பிளக் செருகி, ஸ்குரூ முடுக்குங்கள். இருபக்க டேப் வேண்டவே வேண்டாம். சென்னைப் புழுக்கத்தில் அது டிஸ்டெம்பரோடு உரிந்து வந்துவிடும். சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகளில் அரை அங்குல ரப்பர் ஒட்டினால் படத்துக்குப் பின்னால் காற்று ஓடும், பூஞ்சை குறையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காகித ஓவியங்களை மழை படும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.

படத்தின் மையம் தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். 60 செ.மீ. உயரப் படத்தில், பின்புறம் கட்டிய கம்பி, கொக்கியில் தொங்கி இழுபடும்போது மேல்விளிம்புக்கு 8 செ.மீ. கீழே நின்றால், கொக்கி 145+30-8, அதாவது 167 செ.மீ. உயரத்தில் வரும்.

விளக்குக்கு 3000 கெல்வின் (இளமஞ்சள் ஒளி) எல்.ஈ.டி. போதும். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்த்தால் கண்ணாடியில் பளபளப்பு குறையும்.

வாடகைக்கு வழி: 1966-ல் சென்னை அருகே சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை உருவாக்கிய ஓவியர்களுக்கு பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றிய) துணி விற்பனை கைகொடுத்தது. நீங்கள் சிறிய அச்சுப் பிரதிகளை விற்கலாம்.