அமெரிக்காவில் துப்பாக்கிக்கு ஏன் ஒரேயடியாகத் தடை போட முடிவதில்லை?

காரணம் 1791-இல் வந்த இரண்டாவது அரசியல் சாசனத் திருத்தம். ஒரே வாக்கியம்தான். முன்பாதி குடிப்படையை, அதாவது சாதாரணக் குடிமக்களைக் கொண்ட படையைப் பற்றியது, பின்பாதி ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையைப் பற்றியது. உரிமை படைக்கா, தனிமனிதருக்கா என்று நெடுங்கால இழுபறி. 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தனிமனிதருக்கே என்றது. வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடுங்குற்றவாளிகள் வைத்திருக்கவும் பள்ளிகளுக்குள் கொண்டுபோகவும் உள்ள தடைகளை அதே தீர்ப்பு தொடவில்லை. இதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சரி, வாங்குவது எப்படி? உரிமம் பெற்ற கடையென்றால் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பொதுவாகப் பின்னணிச் சோதனையையும் தாண்ட வேண்டும். வியாபாரி அல்லாத ஒருவர் தன் மாநிலத்துக்காரருக்கே விற்றால் மத்திய சட்டம் அந்தச் சோதனையைக் கேட்பதில்லை. சில மாநிலங்கள்தான் கேட்கின்றன. என்னைக் கேட்டால், அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான். திருத்தத்தையே நீக்க 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும். இப்போதைக்கு நடக்கிற கதையில்லை.