டெக்னிக்கலாக நன்றாகச் செய்தும் 'கம்யூனிகேஷன் போதாது, லீடர்ஷிப் போதாது' என்கிறார்களே, என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் எட்டு வருடமாக வேலை செய்கிறார். அவருடைய கணக்கிலோ டிசைனிலோ குறை சொல்ல ஆளில்லை. இந்த வருடம் டீம் லீட் ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் அப்ரைசலில் "கம்யூனிகேஷனும் லீடர்ஷிப்பும் மேம்பட வேண்டும்" என்று ஒரு வரி விழுந்திருக்கிறது. மேடைப் பேச்சு வகுப்பில் சேரலாமா என்று கேட்கிறார்.

சேருங்கள், கெடுதல் இல்லை. ஆனால் உங்கள் சிக்கல் அங்கே தீராது என்று நினைக்கிறேன். ஸ்ட்ரக்சுரல் டிசைனில், அதாவது கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் பாகங்களை வடிவமைப்பதில், இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் டீம் நடத்தியிருக்கிறேன். பேச்சு சரளமாக வராததால் கெட்டுப்போன வேலை என்று ஒன்றுகூட என் நினைவில் இல்லை. தெரிந்த விஷயம், முடிவெடுக்க வேண்டியவரிடம், அவகாசம் இருக்கும்போதே போய்ச் சேராததால் கெட்ட வேலைகள் நிறைய நினைவில் இருக்கின்றன. அதில் ஒன்று நான் கெடுத்தது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். ஃபேப்ரிகேட்டர் (இரும்புப் பாகங்களைச் செய்து தரும் நிறுவனம்) அனுப்பிய ஷாப் டிராயிங்குகளை, அதாவது அவர்களுடைய தயாரிப்பு வரைபடங்களை, சரிபார்க்கும் வேலை எனக்கு. ஒரு வரிசை பீம்களின் முனை இணைப்பில் எங்கள் டிராயிங்கில் இருந்ததைவிட போல்ட் குறைவாக இருந்தது. பார்த்துவிட்டேன், எழுதியும் விட்டேன். 23 குறிப்புகள் கொண்ட மெயிலில் அது 17-வது. அதற்கு முந்தைய குறிப்பு தலைப்புக் கட்டத்தில் எழுத்துப்பிழை, அடுத்த குறிப்பு விட்டுப்போன ஒரு வெல்டிங் குறியீடு. என் லீட் மெயிலின் மேல்பகுதியைப் பார்த்தார், எல்லாம் சில்லறைத் திருத்தம் என்று நினைத்து 'குறிப்புகளுடன் ஒப்புதல்' என்று அனுப்பிவிட்டார். பீம்கள் ஏறிய பிறகுதான் சைட்டில் கண்டுபிடித்தார்கள். வேலை நின்றது, கூடுதல் பிளேட் வைத்து வெல்டிங் செய்ய வேண்டிவந்தது, செலவு எங்கள் தலையில் விழுந்தது.

"இதை ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன் சார். மெயில்ல இருக்கு."

அவர் அந்த மெயிலை பிரிண்ட் எடுத்து என் முன்னால் வைத்து, "எங்க இருக்கு, காட்டு" என்றார். எழுதிய எனக்கே தேடி எடுக்க நேரம் பிடித்தது. "முழுசாப் படிக்காதது என் தப்பு. ஆனா வீடு பத்திக்கிட்டு எரியுறதையும் ஒரு கமா விட்டுப்போனதையும் ஒரே குரல்ல சொல்லாத" என்றார். கம்யூனிகேஷன் பற்றி நான் படித்த முதல் பாடமும் பெரிய பாடமும் அதுதான். எழுதிவிட்டதாலேயே சொன்னதாக ஆகிவிடாது. கேட்டவர் அதை வைத்து ஏதாவது செய்தால்தான் சொன்னதாகக் கணக்கு.

எங்கள் தவறில் யாருக்கும் அடிபடவில்லை. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் கூடத்துக்கு மேலே தொங்கிய நடைபாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். கட்டுமானத் துறையில் இருப்பவர்கள் கல்லூரியிலேயே இதைப் படித்திருப்பீர்கள், ஆனால் பெரும்பாலும் கணக்குப் பிழையாகப் படித்திருப்பீர்கள். நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலம். மூல டிசைனில் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீள ராட் இரண்டு பாலங்களையும் துளைத்துக்கொண்டு போகும், ஒவ்வொரு பாலமும் தன் நட்டின் மேல் தன் பாரத்தை மட்டும் வைக்கும். அத்தனை நீள ராடில் மரை போடுவது சிரமம் என்று ஃபேப்ரிகேட்டர் தரப்பு அதை இரண்டு ராடாக்கியது. மேல் ராட் நான்காம் மாடிப் பாலத்தோடு முடிந்துவிடும், கீழ்ப் பாலம் மேல் பாலத்தின் பீமிலிருந்தே தொங்கும். ஒரு கயிற்றில் இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவதற்கும், கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். நான்காம் மாடி இணைப்பின் மேல் பாரம் இரட்டிப்பானது. மூல டிசைனே நகரத்தின் கட்டட விதி கேட்ட வலுவில் சுமார் 60 சதவீதம்தான் தாங்கும் என்று விசாரணை சொன்னது. மாற்றத்துக்குப் பின் அதிலும் பாதி.

டிராயிங்கில் பார்த்தால் ஒரு துளை இருந்த இடத்தில் இரண்டு துளை. அந்த டிராயிங்கில் டிசைன் பொறியாளர்களின் முத்திரை விழுந்தது. போனில் கேட்டு ஒப்புதல் வாங்கினோம் என்று ஒரு தரப்பு சொன்னது, இன்னொரு தரப்பு மறுத்தது. இந்த இணைப்பை இன்னார் கணக்குப் போட்டுப் பார்த்தார் என்று யாராலும் காட்ட முடியவில்லை. ஒவ்வொருவரும் அதை மற்றவர் பார்ப்பார் என்றே இருந்துவிட்டார்கள். பொறுப்பான பொறியாளர்கள் உரிமம் இழந்தார்கள். அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்ல. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பிசையும், ஏனென்றால் அந்தக் கைமாற்றத்தின் ஒவ்வொரு படியும் எங்கள் அலுவலகத்திலும் வாரம் ஒருமுறை நடக்கிறது.

அதனால் என் டீமில் ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். போனிலோ சைட்டில் நின்றுகொண்டோ பேசி முடிவான எதுவும் அன்று மாலைக்குள் எழுத்தில் வர வேண்டும். நான்கு வரி போதும். "காலையில் பேசியதில் நான் புரிந்துகொண்டது இது. இதன்படி இந்த டிராயிங்கின் அடுத்த ரிவிஷன் போகும். வேறு மாதிரி என்றால் நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள்." பாதுகாப்பைத் தொடும் விஷயம் என்றால் இந்தக் கடைசி வரி கூடாது. அங்கே பதில் வராததைச் சம்மதம் என்று எடுக்க முடியாது. 'சரி' என்று எழுத்தில் வரும்வரை டிராயிங் நகரக் கூடாது, யார் கத்தினாலும்.

இன்னொன்று, ஒரு முடிவுக்கு ஒரு மெயில். என்ன பிரச்சினை, யார் முடிவெடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள், எடுக்காவிட்டால் என்ன ஆகும், என் பரிந்துரை என்ன என்பதெல்லாம் போனை ஸ்க்ரோல் செய்யாமல் தெரிய வேண்டும். நம்மைப் போன்றவர்கள் படித்த விதம் இதற்கு எதிரானது. தரவு, முறை, கணக்கு, கடைசியில் முடிவு என்று எழுதியே பழகிவிட்டோம். படிப்பவர் கடைசிப் பக்கம் வரை வருவார் என்று நம்புகிறோம். 2003-இல், பூமிக்குத் திரும்பும்போது சிதறிப்போன அமெரிக்காவின் கொலம்பியா விண்கலம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே, ஏவுதலின்போது இறக்கையில் மோதிய நுரைத் துண்டைப் பற்றிப் பொறியாளர்கள் ஸ்லைடுகள் தயாரித்துக் கொடுத்தார்கள். தங்களிடம் இருந்த சோதனைத் தரவு 3 கன அங்குலத் துண்டுக்கானது, உண்மையில் மோதியதோ சுமார் 1,920 கன அங்குலம். விஷயமே அதுதான். அது ஒரு ஸ்லைடின் அடியில், உள்ளடங்கிய சின்ன வரியாக இருந்தது. தலைப்போ நம்பிக்கை தரும் தொனியில் இருந்தது. பின்னால் விசாரணைக் குழு அந்த ஸ்லைடையே எடுத்துக்காட்டி விமர்சித்தது. என் 17-வது குறிப்பு மாதிரியே அதுவும் எழுதப்பட்டுத்தான் இருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் மேலே இருப்பவர்களிடம் சொல்வது பற்றி. நீங்கள் இப்போது லீட். இனி உங்களிடம் வந்து சேர வேண்டியது எது சேராமல் நிற்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. லீடர்ஷிப் என்று அப்ரைசலில் எழுதுகிறார்களே, அதில் முக்கால்வாசி இதுதான் என்பது என் கருத்து.

ஜூனியர்கள் கெட்ட செய்தியை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? "சார், ஒரு சின்ன டவுட்." எனக்குத் தெரிந்து பெரிய சிக்கல்களில் பாதி இந்த வாக்கியத்தில்தான் உள்ளே வந்தன. கம்ப்யூட்டரிலிருந்து கண் எடுக்காமல் "அப்புறம் பார்க்கலாம்பா" என்று சொல்லிவிட்டால் முடிந்தது, அந்தச் செய்தி திரும்ப வராது. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லேண்ட் அருகே யுனைடெட் ஏர்லைன்ஸின் 173-ஆம் விமானத்தில் நடந்ததும் இதுதான். லேண்டிங் கியரில் (தரையிறங்கும் சக்கரங்களில்) சிக்கல் என்று கேப்டன் அதிலேயே மூழ்கி, சுமார் ஒரு மணி நேரம் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். எரிபொருள் குறைவது உடன் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, சொல்லவும் சொன்னார்கள். ஆனால் அவரை நிமிர்ந்து பார்க்க வைக்கும் அளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் விமானத் துறை இதை ஒரு தனித் திறமையாகவே கற்றுக்கொடுக்கத் தொடங்கியது: கீழே இருப்பவர் அழுத்திச் சொல்வது, மேலே இருப்பவர் கேட்டு வாங்குவது. 1981-இல் அதே நிறுவனம் தன் விமானிகளுக்கு இந்தப் பயிற்சியைக் கொண்டுவந்தது. பொறியியல் அலுவலகங்களில் அப்படி ஒரு பயிற்சியை நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு அது கட்டாயம் வேண்டும் என்று நினைக்கிறேன்.

"எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால் "ஓகே சார்" என்றுதான் பதில் வரும், அந்தக் கேள்வி அதற்குத்தான் ஆனது. நான் இப்போது கேட்பது: "இந்த டிசைன்ல உனக்கு எந்த எண் மேல நம்பிக்கை கம்மியா இருக்கு?" இதற்கு 'ஓகே' என்று பதில் சொல்ல முடியாது. போன வருடம் ஒரு பெண், சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, டிராயிங் வெளியே போக இருந்த நாளில் இதற்குப் பதிலாக, "அந்த மெக்கானிக்கல் ரூம்ல எடுத்த லோடு, சார். மெஷின் மாத்தினதுக்கு முன்னாடி வந்த ஷீட்டுலேர்ந்து எடுத்தேன்னு தோணுது" என்றாள். ஆமாம், பழைய ஷீட்தான். அந்த நொடியில் என் முகம் எப்படி இருந்தது என்பதைத்தான் மற்ற ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபம் வந்தது உண்மை, டெட்லைன் அன்றைக்கு. ஆனால் "நல்லவேளை இப்ப சொன்னே, எத்தனை பீம் மாறும்னு உட்கார்ந்து பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன். கிளையண்டுக்கு நானே போன் செய்து இரண்டு நாள் கேட்டேன். அடுத்த வாரம் அதே டீமில் இன்னொரு பையன், மூன்று மாதமாக வெளியே சொல்லாமல் வைத்திருந்த சந்தேகத்தைக் கொண்டுவந்தான். முதல் வாரம் நான் கத்தியிருந்தால் அது இன்னமும் அவனிடமே இருந்திருக்கும்.

கிளையண்டிடம் நம் தவறை நாமே போய்ச் சொல்வதும் இந்த வேலையில் அடங்கும், கஷ்டமான பகுதியும் அதுதான். நியூயார்க்கின் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம் 1977-இல் முடிந்தது. அதன் ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் வில்லியம் லெமெஷூரியர், வெல்டிங் செய்ய வேண்டிய இணைப்புகள் போல்ட் இணைப்புகளாக மாறியிருந்ததை அடுத்த வருடம்தான் அறிந்தார். மாற்றத்துக்கு அவருடைய அலுவலகமே ஒப்புதல் கொடுத்திருந்தது, அவர் காதுக்கு வரவில்லை. மூலைவாட்டில் அடிக்கும் காற்றுக்கு அது போதாது என்று கணக்கில் தெரிந்ததும், கிளையண்டிடம் அவரே போய்ச் சொன்னார். இரவு நேரங்களில் இணைப்புகளின் மேல் இரும்பு பிளேட்டுகளை வெல்டிங் செய்தார்கள். இதைத் தைரியத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள், நானும் சொல்வேன். ஆனால் அதே விஷயத்தை 1995 வரை பொதுமக்களிடம் மறைத்து வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கட்டடத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டிய செய்திதான்.

ஃபீ, ஸ்கோப் (எவ்வளவு வேலை நம்முடையது என்பது) பேச்சுகளும் இதே வகைதான், சட்டம், ஆடிட் போன்ற தொழில்களிலும் அப்படித்தான். கிளையண்ட் "சின்ன மாற்றம்தானே" என்றால், செய்துவிட்டுப் பிறகு பில் அனுப்பாதீர்கள். செய்வதற்கு முன் இத்தனை நாள், இவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள். முன்னால் சொன்னால் அது பேரம், பின்னால் சொன்னால் சண்டை.

ஒரு எச்சரிக்கை. நன்றாக டிசைன் தெரிந்தவர் லீட் ஆனதும், ஜூனியர் செய்ததை இரவு உட்கார்ந்து தானே திருத்திவிடுவார். நான் இரண்டு வருடம் அப்படிச் செய்தேன். வேலை நேரத்துக்குப் போனது, அந்த இரண்டு வருடத்தில் யாரும் எதுவும் கற்கவில்லை. இப்போது சிவப்பு மையில் குறிக்கும்போது பக்கத்திலேயே 'ஏன்' என்று ஒரு வரி எழுதி, திருத்துவதை அவர்களிடமே விடுகிறேன். முதல் சில மாதம் மெதுவாகத்தான் போகும். அந்த நேரத்தை உங்கள் மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, அந்த அப்ரைசல் வரி. அதை எழுதியவரிடம் இந்த வாரமே போய், "எந்த புராஜெக்ட்டில், எந்தச் சமயத்தில் நான் சொன்னது உங்களுக்கு வந்து சேரவில்லை? ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது விளக்கம் கொடுக்காதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தேதியின் மெயில்களைத் திறந்து, உங்கள் 17-வது குறிப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.