ரிப்போர்ட் நார்மல், ஆனால் உடம்பு வலிக்கிறதே?

கேள்வி: கஜா புயலில் என் தோப்பில் 80 தென்னை போனது. திரும்ப வைத்த பிள்ளைகள் இப்போதுதான் காய்க்கின்றன. கடன் இன்னும் அடையவில்லை. ஒரு வருடமாக உடம்பெல்லாம் வலி, அசதி, தூக்கமே இல்லை. ரத்தம், ஈசிஜி எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்கிறார்கள். பக்கத்துத் தோப்புக்காரருக்கு நஷ்டம் என்னைவிட அதிகம். அவர் கல்லு மாதிரி இருக்கிறார். எனக்குத்தான் மனசில் பலமில்லையா?
- 54 வயது விவசாயி, பேராவூரணி பக்கம்

பதில்: 2018 நவம்பர் 16 அன்று புயல் அடித்தது ஒரு ராத்திரிதான். ஆனால் நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அத்தனை வருடமும் வட்டி கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். ஓடும்போது தெரியாத கால்வலி உட்காரும்போதுதானே தெரியும்? இதைப் பலவீனம் என்று நான் சொல்லமாட்டேன்.

'ஒன்றுமில்லை' என்றால் அந்தச் சோதனைகளில் எதுவும் சிக்கவில்லை, அவ்வளவுதான். வலி பொய்யாகிவிடாது. கவலை நீடித்தால் தசைகள் இறுகியே கிடக்கும், தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் சின்ன வலியும் பெரிதாகத் தெரியும். 'உங்கள் உடல்நலம் எப்படி?' என்ற ஒற்றைக் கேள்வியை வைத்துப் பல நாடுகளில் நடந்த 27 ஆய்வுகளை ஐட்லர், பென்யாமினி என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஒருவர் தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் பதிலில், மற்ற கணக்குகளில் அகப்படாத சேதியும் இருப்பது தெரிந்தது. பயப்படச் சொல்லவில்லை. உங்கள் உடம்பு சொல்வதை நீங்களே தள்ளிவிடாதீர்கள் என்கிறேன்.

அப்புறம், பக்கத்துத் தோப்புக்காரர். அவர் ராத்திரி தூங்குகிறாரா என்று உங்களுக்குத் தெரியுமா? வெளிநாட்டிலிருந்து மகன் பணம் அனுப்பலாம், கடனே இல்லாமல் இருக்கலாம். தாங்கும் சக்தி என்பது பாதி நெஞ்சில், பாதி சுற்றி இருக்கும் ஆட்களிடம். ஒருநாள் டீக்கடையில் அவரிடமே பேச்சுக் கொடுத்துப் பாருங்களேன்.

டாக்டரிடம் மறுபடி போங்கள். தைராய்டு பார்த்தார்களா என்று கேளுங்கள். வலியோடு நிறுத்தாமல் தூக்கத்தையும் கடனையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரசின் 14416 மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. 'போதும்டா' என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் உடனே கூப்பிடுங்கள். பூச்சிமருந்து டப்பா வீட்டுக்குள் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போகும்போது வீட்டுக்காரம்மாவையும் கூட்டிப் போங்கள். நீங்கள் சொல்லாமல் விடுவதை அவர் சொல்லிவிடுவார்.