ஊட்டியில் வீட்டு முன்சரிவில் புல்லுக்குப் பதிலாகச் செடம் (சதைப்பற்றான இலைகளோடு தரையில் படரும் செடி) படரவிட முடியுமா? இரண்டு முறை நட்டும் மழையில் அழுகிப்போனது.

தாராளமாக முடியும். மழை பெய்வதால் செடம் அழுகுவதில்லை, பெய்த தண்ணீர் வேரடியில் தேங்கி நிற்பதால்தான் அழுகுகிறது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் வடகிழக்கு வந்துவிடும். களி கலந்த செம்மண் நடுவில் காயவே நேரமிருக்காது. அதனால் செடியைவிடப் பாத்திக்குத்தான் மெனக்கெட வேண்டும்.

முதல் வேலை, அங்கே படர்ந்திருக்கும் கிக்குயு என்ற புல்லை மண்ணுக்குள் ஓடும் தண்டோடு தோண்டி எடுப்பது. மேலாகச் செதுக்கிவிட்டால் அது செடத்தின் நடுவிலிருந்து மறுபடி கிளம்பும். பிடுங்கினால் செடமும் கூடவே வந்துவிடும். பலருடைய பாத்தி கெடுவது இதனால்தான். ஒரு வாரம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை, துண்டு மிஞ்சாமல் பொறுக்குங்கள்.

பிறகு சரிவின் கீழ்விளிம்பில் ஒரு வரிசை கல் பதித்து, 10 செ.மீ. உயரத்துக்குக் கலவை போடுங்கள்: 6 மி.மீ. ஜல்லி 2 பங்கு, தோட்டத்து மண் 1 பங்கு, மக்கிய இலையுரம் அரைப் பங்கு. ஒரு சதுர மீட்டருக்கு 100 லிட்டர் பிடிக்கும். ஜல்லிக்குப் பதில் எம்-சாண்ட் என்றால் சலித்துத் தூளை நீக்கிவிடுங்கள். தூள் இறுகினால் தண்ணீர் இறங்காது. சாணி உரம் வேண்டாம். தண்டு நீண்டு மெலிந்து, முதல் மழையிலேயே சாய்ந்துவிடும்.

நடுவதற்கு ஏற்ற காலம் பிப்ரவரிக் கடைசி, மார்ச். உறைபனி விலகியிருக்கும், பருவமழைக்குள் வேர் பிடிக்க மூன்று மாதம் கிடைக்கும். 6 செ.மீ. தண்டுகளை நறுக்கி, கீழ் இலைகளை உதிர்த்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். 15 செ.மீ. இடைவெளி விட்டால் சதுர மீட்டருக்கு 45 தண்டு போதும். நட்டு ஐந்து நாள் கழித்து முதல் தண்ணீர். பிறகு கோடை மழை வரும்வரை வாரம் ஒருமுறை. வேர் பிடித்தபின் வறட்சியில் மட்டும் ஊற்றினால் போதும்.

சில்வர் ஓக் நிழலில் இது தேறாது. தினமும் ஐந்தாறு மணிநேர வெயில் வேண்டும். மழைக்காலத்தில் அடித்தண்டு கறுத்துக் குழைந்தால், அந்த இடத்தை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு ஜல்லி நிரப்புங்கள். நத்தைகளை இருட்டியபின் டார்ச் அடித்துப் பொறுக்கலாம். பனிக்காலத்தில் மெக்சிகன் செடம் நுனி கருகும்; ஊசி இலை கொண்ட ரூபெஸ்ட்ரே வகை தாங்கும். பள்ளத்தில்தான் உறைபனி அதிகம் படியும், ஆகவே சரிவின் அடிப்பகுதியில் ரூபெஸ்ட்ரேயையே நடுங்கள்.

மிதித்தால் தாங்காது, நடைவழிக்குத் தட்டைக் கல் போட்டுவிடுங்கள். வெட்டிய துண்டுகளை ஓடையிலோ சோலைக்காட்டு ஓரத்திலோ கொட்டாதீர்கள். விழுந்த இடத்தில் வேர்விடும் செடி இது.