.300 மக்னம் துவக்குக்கு எந்த ஸ்கோப்?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கனடா வந்து துவக்கு வாங்கி வைத்திருக்கத் தேவையான பி.ஏ.எல் உரிமம் எடுத்துவிட்டீர்கள். வேலையிடத்து நண்பர்கள் வடக்கு ஒன்ராறியோவுக்கு மூஸ் என்கிற பெரிய மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். கைமாறிய .300 வின்செஸ்டர் மக்னம் ஒன்றை வாங்கினீர்கள். அதோடு வந்த மலிவு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), பத்துப் பன்னிரண்டு வெடிக்குள் குறி மாறிவிடுகிறது. ஒருக்கா புருவத்திலும் அடித்துவிட்டது. 500 டொலருக்குள் இந்த உதைப்பைத் தாங்குகிற ஸ்கோப் எது, இதுதானே கேள்வி?

2-7 அல்லது 3-9 பெருக்கம், முன்கண்ணாடி 40 மில்லிமீற்றருக்கு மேற்படாதது, எடை 400 கிராம் சுற்றுவட்டம், கண் இடைவெளி (கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையிலான தூரம்) எல்லாப் பெருக்கத்திலும் 9 சென்ரிமீற்றருக்குக் குறையாதது. இந்த நாலும் பொருந்துகிற ஸ்கோப்பை எடுங்கோ. கையிலுள்ள 500இல் நூறு டொலரையாவது மவுண்டுக்கென்று, அதாவது துவக்கில் பூட்டும் பேஸுக்கும் ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் றிங்குகளுக்குமென்று, ஒதுக்கி வையுங்கோ. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: 6-24 பெருக்கம், 50 மில்லிமீற்றர் முன்கண்ணாடி என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பதை வாங்கி, அதை மிச்சக் காசில் கிடைத்த றிங்கில் பூட்டுகிறார்கள். உதைக்கிற துவக்கில் அது நிற்காது.

ஏன் நிற்காது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 180 கிரெயின் சன்னம் 11.7 கிராம்; வினாடிக்கு 900 மீற்றர் வேகத்தில் போகிறது. துவக்கு ஸ்கோப்போடு 4 கிலோ என்று வைப்போம். சன்னம் குழலை விட்டு வெளியேற முன்னரே துவக்கு வினாடிக்கு 3 மீற்றர் வேகத்தில் பின்னுக்கு வரத் தொடங்கிவிடும். இதற்கு எடுக்கும் நேரம் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கணத்தில் ஸ்கோப்பில் விழும் இழுவை புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 250 மடங்கு, அதுவும் சராசரிதான். 350 கிராம் ஸ்கோப் என்றால் றிங்குகள் 90 கிலோ பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். 700 கிராம் ஸ்கோப் என்றால் 175 கிலோ. அதை ஒவ்வொரு வெடிக்கும் நாலு சின்னத் திருகாணிகளும் உராய்வும்தான் பிடிக்கின்றன. துவக்கு பின்னுக்குப் போக ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதனால் றிங்குக்குள் அது முன்பக்கமாக நழுவுகிறது.

உள்ளேயும் இதே கதைதான். ஸ்கோப்பின் வெளிக்குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது. பின்பக்கம் ஒரு மூட்டில் ஆடும். முன்பக்கம் மேலும் பக்கவாட்டிலும் உள்ள, குறி திருத்தும் குமிழ்களின் நுனிகள் ஒரு பக்கமாக அழுத்த, எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் தள்ளிப் பிடிக்கும். மலிவு ஸ்கோப்பில் முதலில் சோர்வது இந்த ஸ்பிரிங்தான், அல்லது மூட்டு இளகும். அதன் பிறகு குமிழைத் திருப்பினாலும் குறுக்குக்கோடு உடனே நகராது. அடுத்த வெடி அதிர்வில் திடீரென்று தாவும். குமிழை அதன் ஓட்டத்தின் கடைசி எல்லை வரை திருப்பி வைத்திருந்தால் ஸ்பிரிங் சரியாகத் தள்ளாது. ஆகவே பூட்டும்போதே ஸ்கோப் ஓட்டத்தின் நடுப்பகுதிக்குக் கிட்ட நிற்கும்படி பார்க்க வேண்டும்.

ஆனால் புதிதாக வாங்க முன்னர், பிழை ஸ்கோப்பில்தானா என்று பாருங்கோ. துவக்கு வெறுமையாக இருப்பதை இரண்டு தரம் உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றி, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டுத் தொடங்குங்கோ. ஸ்கோப்பைக் கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கோ. றிங்குகளைக் கழற்றி, அடியிலுள்ள பேஸ் திருகாணிகளையும் பாருங்கோ. பழைய துவக்குகளில் அவைதான் அதிகம் இளகியிருக்கும். கட்டையோடு இரும்பைப் பிணைக்கும் திருகாணிகளையும் மறக்க வேண்டாம். எல்லாம் இறுக்கமென்றால் ஸ்கோப்பைத் திரும்பப் பூட்டி, துவக்கை அசையாமல் வைத்து, குழலின் ஊடாகத் தூரத்தில் ஒரு புள்ளியைப் பிடியுங்கோ. குறுக்குக்கோட்டையும் அதே புள்ளிக்குக் கொண்டுவந்து, குமிழ்களை மேலே 20 கிளிக் (குமிழின் ஒவ்வொரு சின்ன அடி), வலம் 20, கீழே 20, இடம் 20 என்று சுற்றி வாருங்கோ. அதே புள்ளிக்குத் திரும்பாவிட்டால் ஸ்கோப் முடிந்தது. ஒரு தோட்டாவும் செலவில்லை.

கடதாசியில் விழும் ஓட்டைகளும் கதை சொல்லும். இரண்டு தனித்தனிக் குறூப் (ஓட்டைக் கூட்டம்) விழுந்தால் குறுக்குக்கோடு இரண்டு இடத்துக்கு மாறி மாறித் தாவுகிறது என்று சந்தேகிக்கலாம். ஒரே திசையில் மெல்ல மெல்ல விலகினால் ஏதோ நழுவுகிறது அல்லது இளகுகிறது. முதல் மூன்று வெடி ஒன்றாக விழுந்து, பிறகு மேலே ஏறினால் மெல்லிய குழல் சூடாகி வளைகிறது. ஸ்கோப்பைக் குறை சொல்ல வேண்டாம். ஒழுங்கே இல்லாமல் சிதறினால், விசையை இழுக்கும்போது நீங்களே உதைப்புக்குப் பயந்து துவக்கை அசைக்கிறீர்களா என்று பாருங்கோ. றேஞ்சில் நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் இடையில் ஒரு போலித் தோட்டாவைப் போட்டுத் தந்தால் உடனே தெரிந்துவிடும். எடை குறைந்த .300 மக்னத்தில் இது வெகு சாதாரணம்; .308 ரகத் துவக்கை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உதைப்பு அது. உள்ளதைச் சொன்னால் மூஸுக்கு .30-06 ரகத் துவக்கே தாராளமாகப் போதும். ஆனாலும் கையில் இருப்பது மக்னம், அதையே சரிசெய்வோம்.

புருவத்தில் அடித்த விசயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது ஆபத்து. படம் முழுதாகத் தெரிய ஸ்கோப்பின் பின்கண்ணாடிக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் இருக்கலாமோ அதுதான் கண் இடைவெளி. பெருக்கம் கூடக் கூடப் பல ஸ்கோப்புகளில் அது குறையும். விளம்பரத்தில் பெரிய எண்ணை மட்டும் போடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஆகக்கூடிய பெருக்கத்தில் எவ்வளவு என்பதை. லூப்போல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9x40 இல் அது 9.4 சென்ரிமீற்றர், எடை 350 கிராமுக்குள். வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2, 3-9x40 இல் 9.6 அளவில், எடை 425 கிராம். பேர்ரிஸ் ஃபுல்ஃபீல்ட் பழைய 3-9x40 உறுதியான சாமான்தான், ஆனால் கண் இடைவெளி ஒரு பக்கம் 8 சென்ரிமீற்றருக்கு இறங்கும்; .30-06க்கு வாங்கலாம், உங்கள் துவக்குக்கு நான் சொல்ல மாட்டேன். மூன்றில் ஒன்றை எடு என்றால் எடைக்காகவே லூப்போல்ட். மூன்று நிறுவனங்களும் வாழ்நாள் உத்தரவாதம் தருகின்றன. கனடாவுக்குள்ளேயே திருத்த அனுப்பலாமா என்று கடையில் கேட்டு வாங்குங்கோ. ஸ்கோப்பை மட்டும் வாங்கவோ அனுப்பவோ உரிமம் தேவையில்லை. கைமாறியதில் நிக்கோன் கனக்க வரும், நல்ல கண்ணாடி. ஆனால் அந்த நிறுவனம் துவக்கு ஸ்கோப் செய்வதையே நிறுத்திவிட்டது.

30 மில்லிமீற்றர் குழாய் என்றால் பலம் என்று கடையில் சொல்வார்கள். குமிழ் ஓட்டம் கூடும், எடையும் கூடும். உதைப்பைத் தாங்குவதற்கும் அதற்கும் நேர்த்தொடர்பு இல்லை. 50 மில்லிமீற்றர் முன்கண்ணாடியும் அப்படித்தான்: உயரமான றிங் வேண்டும், கன்னம் கட்டையை விட்டு எழும்பும், தலை நிலையில்லாமல் நிற்கும், அடி விழும். அந்தி வெளிச்சத்துக்கு 40ஐ 6 பெருக்கத்தில் வைத்தாலே கண்ணுக்கு 6.7 மில்லிமீற்றர் ஒளி வட்டம் வருகிறது. மனிதக் கண்மணி அதற்கு மேல் பெரிதாக விரியாது. உதைப்பைக் குறைக்கக் குழல் நுனியில் பிறேக் பூட்டலாம் என்றும் யாராவது சொல்வார்கள். தோளுக்கு நல்லது, ஸ்கோப்புக்கு அப்படியல்ல, பின்னுக்குப் போகிற துவக்கை அது திடீரென்று முன்னுக்கு இழுக்கிறது. பக்கத்தில் நிற்பவரின் காதையும் கெடுக்கும்.

இனிப் பூட்டுகிற வேலை. கெட்டுப்போன ஸ்கோப் என்று திருப்பிக் கொடுக்கப்படுவதில் நிறைய இங்கே பிழை விட்டதால் வந்தவைதான். இறுக்கத்தின் அளவை அங்குல இறாத்தலில் காட்டும் ரோர்க் டிரைவர் ஒன்று வாங்குங்கோ அல்லது கடன் வாங்குங்கோ. கை மதிப்பு இதில் சரிவராது. பேஸ் திருகாணி, அதன் துளை, பேஸின் அடி எல்லாவற்றையும் ஐசோபுரோப்பைல் அற்ககோலால் எண்ணெய் போக வடிவாகத் துடையுங்கோ. பேஸ் திருகாணிக்கு மட்டும், இளகாமல் பிடிக்கும் பசையான நீல நிற திரெட்-லொக்கர் ஒரு துளி. இறுக்கும் அளவு மவுண்ட் பெட்டியில் இருக்கும்; மெல்லிய 6-48 புரி என்றால் பொதுவாக 15 முதல் 20, தடித்த 8-40 என்றால் 25ஐ ஒட்டி. இறுக்கிய பிறகு போல்ட்டைப் போட்டு மூடித் திறந்து பாருங்கோ. முன் திருகாணி நீளம் கூடி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் போல்ட் பிடிக்கும், அல்லது திருகாணி அடியில் முட்டி இறுகியது போலக் காட்டும். பேஸ் உண்மையில் இறுகியிருக்காது.

றெயிலில் (குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய நீளப் பேஸில்) றிங்கை வைக்கும்போது அதன் குறுக்குத் தண்டு பள்ளத்தின் முன் சுவரோடு முட்டும்படி குழல் நுனிப் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். நழுவப் போகிற திசை அதுதான். முதலிலேயே முட்டி நின்றால் நழுவ இடமில்லை. றிங் குமிழ்ப் பெட்டியோடோ முன்பக்க விரிவோடோ முட்டக்கூடாது, ஸ்கோப்புக்கும் குழலுக்கும் இடையில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் வெளிச்சம் தெரிய வேண்டும்.

றிங்குகளின் மேல் மூடிகளைத் தளர்வாக வைத்து, வேட்டைக்குப் போடப்போகும் தடித்த குளிர் ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு, ஆகக்கூடிய பெருக்கத்தில் கண்ணை மூடித் துவக்கைத் தோளில் வைத்துத் திறவுங்கோ. படம் முழுதாகத் தெரிகிற எல்லைக்குள் ஸ்கோப்பை எவ்வளவு முன்னுக்குத் தள்ளலாமோ அவ்வளவு தள்ளுங்கோ. படுத்துக்கொண்டும் பாருங்கோ, படுத்துச் சுடும்போதும் மேட்டை நோக்கிச் சுடும்போதும்தான் கண் கிட்ட வரும். பிறகு மூடித் திருகாணிகளைக் குறுக்கு மறுக்காக, கால் சுற்றுக் கால் சுற்றாக, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக வர 15 முதல் 18 வரை. இவற்றுக்குத் திரெட்-லொக்கர் போடாதேங்கோ. அது வழுக்கலாகி, அதே அளவிலும் குழாயைக் கூடுதலாக நெரிக்கும். இறுக்கிய பின் பெருக்கம் மாற்றும் வளையம் முன்பைவிடக் கடினமாகச் சுற்றினால் குழாய் நெரிபடுகிறது என்று அர்த்தம். தளர்த்தித் திரும்பச் செய்யுங்கோ. கடைசியாக, றிங்கின் ஓரமும் குழாயும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு. கோடு பிரிந்தால் ஸ்கோப் நழுவிவிட்டது என்று ஒரே பார்வையில் தெரியும்.

குறி வைக்கிறதை 25 மீற்றரில் தொடங்குங்கோ. கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு) கிளிக் 100 மீற்றரில் 7 மில்லிமீற்றர், 25 மீற்றரில் 2க்கும் குறைவு. ஆகவே 25இல் 5 சென்ரிமீற்றர் கீழே விழுந்தால் 28 கிளிக் மேலே. அங்கே சரியானதும் 100க்குப் போய் மூன்று மூன்று வெடியாக, இடையில் குழலை ஆறவிட்டு. 180 கிரெயினுக்கு 100இல் 4 சென்ரிமீற்றர் மேலே விழும்படி வைத்தால் 200இல் ஏறக்குறைய நேரே வரும். 20 வெடிக்குப் பிறகும் குறூப் அதே இடத்தில் விழுந்து, நகப்பூச்சுக் கோடும் பிரியாமல் இருந்தால்தான் அந்த ஸ்கோப்பை நம்பலாம். மவுண்டை மாற்றினாலும் வேறு தோட்டா வாங்கினாலும் திரும்ப 100 மீற்றரில் பார்க்க வேண்டும்.

வேட்டை முகாமில் இரவு துவக்கைக் குளிரிலிருந்து சூடான அறைக்குக் கொண்டுவந்தால் கண்ணாடியில் ஈரம் படியும். வெளிப்பக்கம் படிந்தால் பயமில்லை. உள்ளே படிந்தால் ஸ்கோப்புக்குள் அடைத்திருந்த நைதரசன் கசிந்துவிட்டது, உத்தரவாதத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். ஈரம் படியாதிருக்க, உறையைத் திறக்காமல் அப்படியே உள்ளே கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறவுங்கோ. வண்டியில் விட்டுவைக்க நினைத்தால், ஆளில்லாத வண்டியில் துவக்கு வெறுமையாக, பின்பெட்டிக்குள் பூட்டி இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு வகுப்பில் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். ரோர்க் டிரைவரையும் கையோடு கொண்டுபோங்கோ. நீண்ட மண் றோட்டில் வண்டி குலுங்கிப் போன பிறகு, காலையில் காட்டுக்குள் இறங்க முன்னர் நகப்பூச்சுக் கோட்டை ஒருக்கா பார்த்து, றிங் திருகாணிகளில் அதே 15 முதல் 18ஐ வைத்துப் பார்த்துவிடுங்கோ.